அனிமே பாட்டை வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய: கொழும்புத் தொடர்மாடியிலிருந்து ஒரு செய்முறை

மைக் வாங்க யுனிட்டி பிளாசாவுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பாடத் தொடங்குகிற தம்பி தங்கச்சிமார் எல்லாரும் முதலில் கேட்பது எந்த மைக் நல்லது என்றுதான். ஆனால் நான் கேட்டவரைக்கும் ஆரம்பப் பதிவுகள் சறுக்குகிற இடம் மைக் இல்லை, சொல். அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள், அவற்றின் பாட்டில் ஒரு ஜப்பானியச் சொல்லின் நீளம் தவறினால் தாளமும் கூடவே தவறிவிடும், பிறகு எவ்வளவு நல்ல மைக் இருந்தும் பயனில்லை.

முதலில் பாட்டைத் தெரிவு செய்யுங்கள். முழுப் பாட்டு வேண்டாம். தொலைக்காட்சியில் தொடக்கப் பாடலாக வருகிற 'டிவி சைஸ்' ஏறக்குறைய 90 விநாடிதான், முதல் முயற்சிக்கு அது போதும்.

இரண்டாவது படி வரிகளை எழுதுவது. இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பாடசாலையில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, ஜப்பானிய மொழி ஓடுவதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான். ஒபசன் என்றால் மாமி, ஒபாசன் என்றால் அம்மம்மா, ஒரு மாத்திரையில் ஆளே மாறிவிடுகிறார். வானத்துக்கு ஜப்பானியச் சொல் ஸொர, இரண்டே மாத்திரை. அதை நாம் 'சோரா' என்று எழுதிப் பழகினால் வாய் நான்கு மாத்திரைக்கு இழுக்கும், அடுத்த சொல் தாளத்துக்குப் பின்னால் போய் விழும். குறில் ஒ, குறில் எ இரண்டும் நம்மிடம் எழுத்தாகவே இருக்கின்றன, அதனால் ஆங்கில எழுத்தில் இருக்கிற வரிகளைப் பார்த்துப் பாடாமல் தமிழில் திருப்பி எழுதுங்கள்.

கணக்கு மாறுகிற இடம் மெய்யெழுத்து. நமக்கு மெய் அரை மாத்திரை, ஜப்பானியத்தில் தனியாக நிற்கிற 'ன்'னும், இரட்டிக்கும்போது வருகிற அந்தச் சின்ன நிறுத்தமும் முழு மாத்திரை. அனிமே பாட்டுகளில் அடிக்கடி வருகிற கித்தொ (நிச்சயமாக என்று பொருள்) என்ற சொல்லை எடுங்கள். நம் வழக்கத்தில் கி, த், தொ சேர்ந்து இரண்டரை மாத்திரை, அவர்களுக்கு மூன்று. மேசையில் விரலால் மூன்று தட்டு தட்டுங்கள்: முதல் தட்டில் கி, இரண்டாவதில் மூச்சை அடக்கி நில்லுங்கள், மூன்றாவதில் தொ. நடுத்தட்டில் சத்தம் வரக்கூடாது, ஆனால் நேரம் போகவேண்டும். இது பிடிபட்டால் வேகமான பாட்டுகூட வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம் ஒலி. சொல்லின் நடுவில் வரும் க நம் வாயில் ஹ போல நழுவும், 'உலகம்' என்று பொருள்படும் செகஇ என்ற சொல் செஹை ஆகிவிடும். நான் வல்லினமாகவே ஒலிக்கவேண்டிய கவுக்குக் கீழே கோடு போடுவேன், மெல்ல ஒலிக்கவேண்டியதைச் சுற்றி வட்டம். 'ர'வுக்குக் கவலை வேண்டாம், மரத்தில் வருகிற ர கிட்டத்தட்ட அதேதான். 'ஃபு' வருகிற இடத்தில் பல் உதட்டைத் தொடக்கூடாது, பிளேன்டியை ஊதி ஆற்றுகிற மாதிரி இரண்டு உதட்டுக்கும் நடுவே காற்று போகவேண்டும்.

இசைத்தடம் தேடும்போது 'ஆஃப் வோக்கல்' அல்லது 'இன்ஸ்ட்ருமென்டல்' என்று தேடுங்கள். ஜப்பானிய சிங்கிள் சீடிகளில் பெரும்பாலும் குரல் இல்லாத தடமும் சேர்ந்தே வரும். சுருதி உங்கள் குரலுக்கு எட்டாவிட்டால் தொண்டையை வருத்தவேண்டாம். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 'சேஞ்ச் பிட்ச்' இருக்கிறது, வேகம் மாறாமல் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கலாம்.

இனி அறை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், ஒரு பக்கம் காலி வீதி பஸ் ஹோன், மறுபக்கம் கடலோர ரயில், நடுவில் பீத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ. பின்னேரத்தில் காகங்களும் சேரும். எனக்குச் சரிவருவது மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகான ஒரு மணித்தியாலமும், வீதி அடங்கிக் கிடக்கிற போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும்தான். ஃபேனை நிறுத்துங்கள், வியர்க்கும், பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் 90 விநாடிதானே. சீமெந்துச் சுவரில் குரல் எதிரொலிக்கும் என்பதால் சேலைகள் தொங்குகிற அலுமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி நின்று பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையையும் தொங்கவிடுங்கள். துணி எதிரொலியை விழுங்குகிற விதத்தை ஒரு தடவை கேட்டால் நீங்களே நம்பிவிடுவீர்கள்.

பதிவுக்கு லப்டொப், போன், வயர் உள்ள ஹெட்போன் இருந்தால் போதும். புளூடூத் வேண்டவே வேண்டாம், இசை காதுக்கு வந்து சேரவே தாமதமாகும், நீங்கள் சரியாகப் பாடினாலும் பதிவில் குரல் பின்தங்கிக் கிடக்கும். லப்டொப்பில் தடத்தை ஓடவிட்டு ஹெட்போனில் கேளுங்கள், போனில் குரலைப் பதியுங்கள். போனை ஃபிளைட் மோட்டில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், ப, ஃபு வரும்போது காற்று அடிக்காது. ஹெட்போனில் ஒரு காதை விலக்கி வைத்தால் சுருதி தவறுவது உடனே தெரியும்.

பதிவைத் தொடங்கியதும் முதல் மூன்று விநாடி ஒன்றும் பாடாமல் சும்மா நில்லுங்கள், அந்த வெறும் அறைச் சத்தம் பிறகு தேவைப்படும். அதற்குப் பிறகு தடத்தை ஓடவிட்டு, முன்னிசை வரும்போது ஹெட்போனைப் போனுக்குப் பக்கத்தில் ஒரு கணம் பிடித்துவிட்டுக் காதில் மாட்டுங்கள். அந்தச் சின்னக் கசிவை வைத்துத்தான் குரலையும் இசையையும் பின்னர் பொருத்தப்போகிறீர்கள். எடுத்தவுடனேயே குரலில் தொடங்குகிற பாட்டென்றால் தடத்துக்கு முன்னால் நான்கு 'டிக்' சேர்த்துக்கொள்ளுங்கள், ஓடாசிட்டியின் 'ரிதம் டிராக்' அதைச் செய்து தரும். ஒரே மூச்சில் சரிவரவேண்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்தாறு முறை பாடி ஒவ்வொரு வரிக்கும் நன்றாக வந்ததை எடுத்து ஒட்டலாம், எல்லாரும் செய்வது அதுதான்.

ஓடாசிட்டியில் இரண்டையும் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கசிவும் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நகர்த்துங்கள். அந்த மூன்று விநாடியைக் காட்டி அறைச் சத்தத்தைக் குறைக்கிற 'நாய்ஸ் ரிடக்ஷன்' போடுங்கள், மிதமாக மட்டும், கூடினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்ட 'ஹை பாஸ்', குரலின் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த 3:1 அளவில் 'கம்ப்ரஸர்', கடைசியில் எதிரொலிபோல் சேர்க்கிற 'ரிவேர்ப்' சிட்டிகை அளவு. கலந்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல் போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள், கித்தொவின் அந்த நிறுத்தம் அதில் தெளிவாகக் கேட்கவேண்டும்.

யூடியூபில் ஏற்றும்போது இசைத்தடத்தின் உரிமை உங்களுடையது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உரிமையாளர் கோரிக்கை வைத்தால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், காணொளி முடக்கப்படவும் கூடும். விவரத்தில் மூலப் பாடகர், இசையமைத்தவர், பாடலாசிரியர், தடம் எடுத்த இடம் நான்கையும் எழுதுங்கள். தலைப்பில் 'உதத்தெமித' என்று சேர்க்கலாம். 2006இல் தொடங்கிய நிக்கோநிக்கோ காணொளித் தளத்தில் இப்படியான பதிவுகளுக்கு வழங்கிய பெயர் அது. உதத்தெ என்றால் பாடி, மித என்றால் பார்த்தேன். தமிழில் நாம் சொல்கிற அதே 'பாடிப் பார்த்தேன்'. ஆறு மாத்திரை, நடுவில் வரும் நிறுத்தத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.