சூப்பை முதலில் ருசியுங்கள்: வியட்நாம் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மதியச் சாப்பாடு என்றால் சோறும் கறியும்தான். எல்லாக் கறியையும் ஒரே கோப்பையில் போட்டு, சொதியை ஊற்றி, பிசைந்து சாப்பிட்டுப் பழகிய கை நமக்கு. கவுண்டரில் நின்று நூடில்ஸ், இறைச்சி, சோஸ் என்று நாமே சொல்லி வாங்கும் வியட்நாம் கடைக்குப் போனாலும் அந்தக் கை அப்படியேதான் வேலை செய்கிறது. முதல் தவறு அங்கேதான்.

அறுகம்குடாவில் ஒரு மதியம் மச்சானோடு ஃபோ என்கிற வியட்நாம் நூடில்ஸ் சூப் சாப்பிட உட்கார்ந்தேன். கிண்ணம் வந்ததும் அவன் கரண்டியை எடுக்கவில்லை, சோஸ் போத்தலைத்தான் எடுத்தான். கறுப்பு ஹொய்சின் சோஸ் ஒரு சுற்று, ஸ்ரீராச்சா என்கிற சிவப்புக் கொச்சிக்காய் சோஸ் ஒரு சுற்று. தெளிந்த தேயிலைச் சாயம்போல இருந்த சூப் கலங்கி மண்ணிறமானது. இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஒரே இனிப்பா இருக்கு மச்சான், இதுக்கா இவ்வளவு காசு?" என்றான். என் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இது வேற சாப்பாடா?" என்று கேட்டான்.

அந்தச் சூப்புக்கு எலும்பை மணிக்கணக்காக மெல்லிய நெருப்பில் வைக்கிறார்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் சுட்டுப் போடுகிறார்கள். கூடவே அன்னாசிப்பூ, கறுவா, கராம்பு. நம் இறைச்சிக் கறிக்குப் போகிற சரக்குத்தான், ஆனால் அரைத்துச் சேர்ப்பதில்லை. வாசம் மட்டும் இறங்கவேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும். ஆகவே முதல் மூன்று கரண்டியும் வெறும் சூப்பாகவே குடியுங்கள். பிறகு உப்பு, புளிப்பு, உறைப்பு எது குறைகிறதோ அதற்கேற்பத் தேசிக்காயும் கொச்சிக்காயும் சேருங்கள். சோஸ் வேண்டுமென்றால் சின்னத் தட்டில் ஊற்றி இறைச்சியை அதில் தொட்டுச் சாப்பிடலாம். ஃபோ பிறந்தது வடக்கு வியட்நாமில். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது தெற்கே இடம்பெயர்ந்தவர்களோடு அதுவும் போனது. தட்டு நிறைய இலை, பயற்றம் முளை, ஹொய்சின் எல்லாம் தெற்கில் சேர்ந்தவை. அதனால் சோஸ் போடுவது குற்றமில்லை. ருசி பார்க்காமல் போடுவதுதான் பிழை.

படம் எடுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். அரிசி நூடில்ஸ் சூப்பை உறிஞ்சி ஊதிக்கொண்டே போகும். கொதிக்கிற சூட்டில்தான் முளையும் இலையும் பதமாக வாடும். ஊதுபத்தி குத்தியதுபோலச் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைக்காதீர்கள், செத்தவர்களுக்குப் படைப்பதுபோல இருக்கும் என்று அங்கே அதை விரும்பமாட்டார்கள். குச்சி பிடிபடவில்லையா, முள்ளுக்கரண்டி கேளுங்கள்.

பூன் கிண்ணத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. அது சூப் இல்லாதது. அடியில் இலையும், மேலே இடியப்பத்துக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்க மெல்லிய அரிசி நூடில்ஸும், அதற்குமேல் சுட்ட இறைச்சியும் கச்சானும் இருக்கும். கூடவே சின்னக் கிண்ணத்தில் வெளிறிய சோஸ் வரும். பலர் அதைச் சூப் என்று நினைத்துக் குடித்துவிட்டு, காய்ந்த நூடில்ஸைச் சாப்பிடுகிறார்கள். இதைத்தான் நம் சோறுபோல ஊற்றி, அடியிலிருந்து புரட்டிச் சாப்பிடவேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை மாமியை ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். அன்று அவருக்குச் சைவம். "மரக்கறி நூடில்ஸ் இருக்கா?" என்று கேட்டேன், இருக்கு என்றார்கள். இறைச்சி ஒரு துண்டும் இல்லை. பாதி சாப்பிட்ட பிறகுதான் சோஸில் மீன் என்று தெரிந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிழை என்னுடையதுதான், கேட்கவேண்டியதை நான் கேட்கவில்லை.

நுவொக் மாம் என்கிற மீன் சோஸ், நெத்தலி போன்ற சிறுமீனை உப்போடு மாதக்கணக்காக ஊறவைத்து வடிப்பது. நம் சம்பலுக்கு மாசி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி, எதிலும் இருக்கும். பூனோடு வரும் அந்த வெளிறிய சோஸும் அதில் தேசிப்புளி, சீனி, உள்ளி, தண்ணீர் கலந்ததுதான். மரக்கறிக் கிண்ணத்தின் சூப் மாட்டெலும்பில் வைத்ததாக இருக்கலாம், வதக்கலில் சிப்பிச் சோஸ் இருக்கலாம். ஆகவே "மரக்கறியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தம்பி, சூப் எதில வெச்சது? சோஸில மீன் இருக்கா?" என்று கேளுங்கள். கோழி ஃபோ வாங்குகிறவர்களும் கேட்கவேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே சூப் ஊற்றுகிற கடைகள் உண்டு. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில் மரக்கறிதான் சாப்பிடுவார்கள். அதனால் மீன் இல்லாத சோஸும் அந்தச் சமையலில் இருக்கிறது, கேட்டால் சில கடைகளில் கிடைக்கும்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து நண்பர்களுக்கும் இதே பேச்சுத்தான். கோழி ஹலால் என்றதோடு நிற்காதீர்கள். பல நாட்டுச் சமையலைக் கலந்து செய்யும் கடைகளின் சோஸ்களில் சமையல் வைன் சேர்வதுண்டு. பான் மீ என்கிற வியட்நாம் சாண்ட்விச்சின் பாணுக்குள் தடவும் ஈரல் விழுது பெரும்பாலும் பன்றி ஈரலில் செய்வது. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் ஓர்டர் கொடுக்க முதலே சொல்லிவிடுங்கள், தொட்டுச் சாப்பிடும் சோஸிலும் அது அரைத்துக் கிடக்கும்.

பார்சல் எடுப்பதானால் சூப்பைத் தனியாகவும் நூடில்ஸைத் தனியாகவும் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் சூப்பை நன்றாகக் கொதிக்கவிட்டு நூடில்ஸின் மேல் ஊற்றினால் சரி. பான் மீயைப் பொலித்தீன் பையில் வாங்காதீர்கள், மொறுமொறுப்பு முழுவதும் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் நமுத்துவிடும். கடதாசியில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.