திருகோணமலைப் போர்களை நடித்துக் காட்ட முன்வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை எத்தனை தடவை கைமாறிய ஊர் என்பது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கே தெரியாது. 1620களில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன, ஒல்லாந்தர் துரத்தினார்கள். 1782இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை கோட்டையில் கொடி மாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர். சமாதான உடன்படிக்கையில் ஒல்லாந்தருக்குத் திரும்பக் கிடைத்து, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயரிடம் போனது. கடைசியாக 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின.

இவ்வளவும் நடந்த மண்ணில், அந்தக் காலத்து உடை உடுத்தி, அந்தக் காலத்துச் சாமான்களைக் கையில் எடுத்து, பார்க்க வருபவர்களோடு நின்று கதைத்து வரலாற்றைக் காட்ட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஒரு பலகையில் எழுதி வைத்ததைப் பத்துப் பேர் வாசிப்பதை விட, ஒரு பிள்ளை சிப்பாயின் பையைத் திறந்து பார்ப்பது எவ்வளவோ மேல். அதனால்தான், இப்படியான முயற்சிகள் எங்கெங்கே சறுக்குகின்றன என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, வெடியிலிருந்து தொடங்குவது. போர் என்றவுடன் துப்பாக்கியும் பீரங்கியும்தான் எல்லோருக்கும் மனதில் வருகின்றன. வெளிநாட்டுக் காணொளிகளில் புகை எழும்புகிறது, கூட்டம் கைதட்டுகிறது, எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் திருகோணமலையில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் வெடிச்சத்தத்தை வேடிக்கையாகக் கொண்டுபோக முடியாது. ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் இறங்கிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாக இருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் முதலில் பேரப்பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற அம்மம்மாக்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துவதில்லையா என்று கேட்பீர்கள். அது எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று ஊருக்குத் தெரியும். சீருடை போட்டவர்கள் வரிசையாக நின்று துப்பாக்கியை நீட்டுவது முற்றிலும் வேறு விஷயம்.

வெடிக்காமலே துப்பாக்கியை விளங்கப்படுத்த முடியும். சொல்லப்போனால் அப்போதுதான் சனம் நெருங்கி வந்து பார்க்கும். 1782இல் இருந்தது சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கி. காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்ச மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் கொட்டி மூடி, மிச்சத்தைக் குழலுக்குள் ஊற்றி, ஈயக் குண்டையும் காகிதத்தையும் நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். மருந்தில் வெடியுப்பு சேர்ந்திருப்பதால் ஒவ்வொரு கடிக்கும் வாய் உப்புக் கரிக்கும், நா வறளும். பத்துத் தோட்டா கடித்தவனுக்குத் தாகம் எப்படி இருந்திருக்கும்? கோட்டையோ கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறை மேலே இருக்கிறது. குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள் என்று பார்க்கிறவர்களே அடுத்து கேட்பார்கள். வெற்றுக் காகிதத்தையும் மரத்தில் செய்த மாதிரித் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டே இந்த இடம் வரைக்கும் வந்துவிடலாம். ஓசை வேண்டும் என்றால் முரசு அடியுங்கள். அந்தக் காலப் படைகளில் கட்டளை பாதி முரசில்தான் போனது, ஆகவே அது சரித்திரப்படியும் சரி. வெடிமருந்து வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விஷயமும் இருக்கிறது. அதை எடுப்பதற்கு அலைகிற நேரத்தில் வேறு நல்ல காரியம் பத்துப் பார்க்கலாம்.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். எங்கள் வாழ்நாளில் நடந்த யுத்தத்தில் எதையும் நடித்துக் காட்ட வேண்டாம். காணாமற்போனவர்களின் படத்தை இன்னும் தாய்மார் கையில் வைத்திருக்கிறார்கள். அதை உடையும் ஒப்பனையுமாகக் காட்ட எவருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது, நடக்காததை நடந்ததாகக் காட்டுவது. நாடகத்துக்குச் சுவை வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்துக் கோட்டைச் சுவரில் ஏறுவது போல் அமைக்கத் தோன்றும். 1782 ஓகஸ்டில் அப்படி நடக்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் படையை இறக்கி, பீரங்கி மேடை அமைத்துச் சுட்டார். காவற்படை நிபந்தனைகளோடு சரணடைந்தது, அவர்களைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். உண்மையில் ஏறிப் பிடித்தது அதே வருடம் ஜனவரி 11ஆம் திகதி, பிடித்தவர்கள் ஆங்கிலேயர், பிடித்தது ஒஸ்டன்பேர்க் கோட்டை. துறைமுக வாயிலைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் குன்றையும், கோணேசர் கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டையையும் பலர் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். பெயரிலும் கவனம் வேண்டும். பிரெட்ரிக் என்ற பெயரை ஆங்கிலேயர் வைத்தது 1803இல்தான். 1782 காட்சியில் நிற்கும் சிப்பாய் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

பிறகு செப்டெம்பர் 3ஆம் திகதி கடலில் நடந்த சண்டை. ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸிடம் 12 போர்க்கப்பல்கள், சுஃப்ரேனிடம் 14. மாலை வரை அடித்துக்கொண்டும் யாரும் யாரையும் வெல்லவில்லை. வெற்றி தோல்வி இல்லாத சண்டையைக் காட்டுவது கஷ்டம் என்று ஒரு பக்கத்தை வெல்ல வைப்பார்கள். அப்படிச் செய்தால் துறைமுகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்ற கேள்வியே அடிபட்டுப் போகும். சோழமண்டலக் கரையில் சென்னையோ நாகப்பட்டினமோ திறந்த கடலைப் பார்த்திருப்பவை. வாடைக்காற்றும் புயலும் வரும் மாதங்களில் அங்கே கப்பலை நங்கூரமிட முடியாது. இந்தப் பக்கத்தில் பெரிய கப்பற்படை ஒதுங்க இருந்த ஒரே இயற்கைத் துறைமுகம் எங்களுடையது. ஒரு தட்டில் தண்ணீரும் மண்ணும் வைத்து, விசிறி கொண்டு காற்றடித்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

1942க்கு வந்தால், ஒரு ஜப்பானிய விமானம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து தீப்பிடித்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் 'கமிகாசித் தாக்குதல்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதாதீர்கள். அந்தத் தற்கொலைப் படை உருவானதே 1944 ஒக்டோபரில். விமானி வேண்டுமென்றே மோதினாரா, அடிபட்டு விழுந்தாரா என்று தீர்ப்புச் சொல்லாமல், விழுந்தது, எரிந்தது என்று சொல்வதே போதும். 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான். அது திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கவில்லை. முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறி, மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் 300க்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றியது. எனக்கு விருப்பமான காட்சி அந்த வைத்தியசாலைக் கப்பல்தான். அதை யாரும் நடிக்க எடுப்பதில்லை.

எங்களையே விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மேடையில் வெள்ளைக்காரத் தளபதிகள் மட்டும் வந்து போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு அட்மிரலாக நிற்கிறார்கள். ஏன்? நாகப்பட்டினத்தைப் பிடித்த கையோடு 1782இல் இங்கே வந்த ஹியூஸின் படையில் சிப்பாய்கள் இருந்தார்கள். 1795இல் வந்ததிலும் சென்னைப் பக்கத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அவர்கள். ஒல்லாந்தர் பக்கத்தில் மலாயர் நின்றார்கள். சிவப்புச் சட்டையும், காற்சட்டைக்குப் பதிலாகத் தொடை வரை வரும் அரைக்காற்சட்டையும், தலைப்பாகையுமாகத் தமிழ் பேசிய ஒரு சிப்பாயை நிறுத்துங்கள். அவன் எந்த ஊர், ஏன் சேர்ந்தான், வீட்டுக்குக் காசு எப்படி அனுப்பினான் என்று பார்க்கிறவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.

ஊருக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் என்று நாலு பற்றுகள், அதாவது நிர்வாகப் பிரிவுகள். கோட்டைக்குள் அடைபட்டவனும் வெளியே முற்றுகை போட்டவனும் சாப்பிட வேண்டும். நெல், மாடு, மீன், வள்ளம், விறகு எல்லாம் இந்தப் பற்றுகளில் இருந்தும் கரையோரத்தில் இருந்தும்தான் தேட முடியும். கொடுத்தவருக்குக் காசு கிடைத்ததா, பறித்தார்களா? தம்பலகாமத்து வயற்காரி ஒருத்தியும் கொட்டியாரத்து வள்ளக்காரர் ஒருவரும் மூதூர்ச் சந்தையில் நின்று கதைப்பது போல ஒரு சின்னக் காட்சி, பத்துத் துப்பாக்கிகளை விடக் கூடுதலாகச் சொல்லும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேருமே தங்கள் பாட்டன் பாட்டியை அந்தக் காட்சியில் அடையாளம் காண வேண்டும். ஒத்திகைக்கே மூன்று பக்கத்தாரையும் கூப்பிடுங்கள், விளக்கத்தை மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

கோணேசர் கோயில் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியது ஊர் மறக்காத காயம். கோட்டை வாசலில் பாண்டியரின் கயல் பொறித்த கல்லும் தமிழ் எழுத்துத் துண்டும் இன்றும் நிற்கின்றன. இடிப்பை நடித்துக் காட்டத் தேவையே இல்லை. சுவாமி ஊர்வலத்தை வேடமாகப் போடுவதும் சரியல்ல. அது வழிபாடு. அதை விட, அந்தக் கல்லின் முன் பத்துப் பேரை நிறுத்திக் கையால் காட்டினால் போதும். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெளிவந்த செப்புத் திருமேனிகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரோ ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது அழிவை விடப் பெரிய செய்தி. இன்னொன்று: அதே வாசலுக்கு மேலே ஆங்கிலேய அரச இலச்சினை இருக்கிறது. அதைப் பின்னணியாக வைத்து போர்த்துக்கேயர் காலப் படம் எடுத்துவிடாதீர்கள்.

உடை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பொலியெஸ்டர் மினுமினுக்கும், வியர்க்கும், அடுப்புப் பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். பருத்தியில் தையுங்கள். சிப் வேண்டாம், பொத்தான் போதும். கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். 1942 காட்சிக்கு இன்றைய இராணுவ உடை போன்றதைப் போடவே கூடாது. சட்டமும் அனுமதிக்காது, ஊரும் தாங்காது. செப்டெம்பர் 3ஐ ஒட்டித்தான் செய்ய வேண்டும் என்றால், கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம் என்பதை நினைவில் வையுங்கள். தடித்த மேற்சட்டையோடு பகல் பதினொரு மணிக்கு மைதானத்தில் நின்றால் மயங்கி விழுவது நிச்சயம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள், அல்லது வெயில் தாழ வையுங்கள். நிழலும் தண்ணீரும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இடம் பிடிப்பதிலும் தலைகீழாக வேலை செய்கிறார்கள். நோட்டீஸ் அடித்துவிட்டு அனுமதி கேட்கப் போகிறார்கள். பிரெட்ரிக் கோட்டை இராணுவ முகாம், ஒஸ்டன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது, சீனன்குடாவில் விமானப்படை. கோயிலுக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது என்பதற்காகப் பாதையோரத்தில் நிகழ்ச்சி செய்யலாம் என்று ஆகாது. தொல்பொருள் திணைக்களம், பொலிஸ், பிரதேச செயலகம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் கடிதம் கொடுத்துப் பதில் வரும் வரை பொறுங்கள். வராவிட்டால் டச்பே கடற்கரையோ பாடசாலை மைதானமோ போதும். கோட்டை அங்கிருந்து கண்ணுக்கு முன்னே தெரிகிறதே.

மண்ணைக் கிண்டவும் வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அதோடு, இந்த மண்ணில் கிடக்கும் இரும்பு எந்தக் காலத்தது, வெடித்ததா வெடிக்காததா என்று பார்த்துச் சொல்ல எங்களால் முடியாது. கிடைத்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். கடலுக்கடியில் மூழ்கிய கப்பல்களில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது, அவை ஆட்களின் கல்லறை. நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைக்கு வேடத்தோடு போய்ப் படம் எடுக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். அங்கே சாதாரண உடையில் போங்கள், ஒரு கல்லில் உள்ள பெயரையும் வயதையும் பிள்ளைகளை வாசிக்க வையுங்கள்.

கடைசியாக ஒரு அவசர வேலை. 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. உடை தைப்பதற்கு அடுத்த வருடமும் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. முதலில் அவர்களிடம் போங்கள். அவர்கள் இல்லாத வீடுகளில் பிள்ளைகளிடம் கேளுங்கள். விமானம் வந்த காலை வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் வீட்டில் ஒதுங்கினார்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்பினார்கள், திரும்பியபோது ஆடு மாடு இருந்ததா என்று கேளுங்கள். 'போர் எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் 'அது ஒரு காலம் தம்பி' என்பதோடு பேச்சு நின்றுவிடும். பதிவு செய்ய முன் சம்மதம் கேளுங்கள், பெயரைச் சொல்லலாமா என்றும் கேளுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் போகும்போது அதுவும் போய்விடும். அன்றிரவே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அந்த வீட்டாருக்கும் மற்றதை நூலகத்துக்கும் கொடுங்கள். கேட்டதை எழுத்திலும் இறக்கி, திகதியும் ஊரும் மேலே போட்டு வையுங்கள்.