வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் மூங்கில்

மூங்கில் வேர் ஓடிச் சுவரைப் பிளக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். மண்ணுக்கடியில் நீண்டு ஓடுபவை பெரும்பாலும் சீனா, ஜப்பான் போன்ற குளிர்நாட்டு வகைகள். மஞ்சள் கழியில் பச்சைக் கோடு போட்ட நம்மூர் மஞ்சள் மூங்கிலின் கிழங்கு, அதாவது முளைகள் கிளம்பும் அடித்தண்டு, குட்டையானது. தூர் இருந்த இடத்திலேயே மெல்ல அகலும். ஆனால் நல்ல மண்ணில் 10 மீட்டருக்கு மேல் உயரும். அதனால் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நடுங்கள். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். குறுகிய இடத்துக்கும் வேலிக்கும் கழி மெலிந்த குட்டை வகையே ஏற்றது. அதை 1 மீட்டர் இடைவெளியில் நடலாம்.

நர்சரியில் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒற்றைக் கழியில் இலை தழைத்திருந்தாலும் அடியில் கிழங்கு பிடிக்காமல் இருக்கலாம். அது புது முளை விடாமல் அப்படியே நின்றுவிடும். பைக்குள்ளேயே முளைத்த புதுக் கழி ஒன்றாவது இருக்கும் கன்றுதான் நல்லது.

மழை தொடங்கும்போது இரண்டடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி நடுங்கள். பையில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தேவை. இலை நீளவாக்கில் சுருண்டால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளித்து உதிர்ந்தால் தண்ணீர் தேங்குகிறது. நுனி மட்டும் கருகினால் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரின் உப்புதான் காரணம். உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காமல் தூரிலேயே போடுங்கள், அதுவே மூடாக்கு.

முதல் இரண்டு ஆண்டுகள் பொறுமை வேண்டும். மூங்கில் கழி முளைக்கும்போது இருந்த பருமனில்தான் கடைசிவரை இருக்கும். சில மாதங்களில் முழு உயரத்தை எட்டி நின்றுவிடும். கிழங்கு வலுக்க வலுக்க அடுத்தடுத்து வரும் கழிகள்தான் தடிக்கும். எனவே இந்தக் காலத்தில் முளைகளை ஒடிப்பதும் கழிகளை வெட்டுவதும் தூரையே குட்டையாக்கிவிடும்.

நான்காம் ஆண்டிலிருந்து கழிகளைக் குறைப்பதுதான் முக்கிய வேலை. இதைச் செய்யாத தூர், நடுவில் காய்ந்த கழிகள் அடைத்துப் புதராகிவிடும். மஞ்சள் நிறத்தின் அழகே வெளியே தெரியாது. தை முதல் பங்குனி வரை, முளை வராத பருவத்தில், மங்கிப்போன மூன்று வயதுக்கு மேற்பட்ட கழிகளைத் தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே ரம்பத்தால் அறுங்கள். அரிவாள் கழியைப் பிளக்கும். கணுவுக்கு வெகு மேலே அறுத்தால் குழலில் மழைநீர் தேங்கி அழுகும், கொசுவும் முட்டையிடும். வெளிவட்டத்து இளங்கழிகளைத் தொடாதீர்கள். அடுத்த முளைகள் அவற்றின் அடியிலிருந்தே வரும். மீதிக் கழிகளில் ஆள் உயரம்வரை பக்கக் கிளைகளை நீக்கினால் பச்சைக் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

கன்று பெருக்க விதைக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வகை பூப்பதே மிக அரிது. ஒன்றிரண்டு வயதுக் கழியை இரண்டு கணு உள்ள துண்டுகளாக அறுத்து, இரண்டு அங்குல ஆழத்தில் கிடைமட்டமாகப் புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். தளிர் விட்டதுமே பெயர்க்காமல், கிழங்கு கட்டிப் புது முளை வந்த பிறகு இடம் மாற்றுங்கள்.