பழைய ஷாத்தோ லத்தூர் புட்டியைக் கெடுக்காமல் திறப்பது எப்படி

முப்பது ஆண்டு நிலவறையில் கிடந்த ஒயின் பெரும்பாலும் கெடுவது அந்த முப்பது ஆண்டில் அல்ல, திறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில்தான். ஷாத்தோ லத்தூர் போன்ற விலையுயர்ந்த புட்டி கையில் இருந்தால் அந்த இரண்டு நாளுக்குத்தான் முழுக் கவனமும் தேவை.

பிரான்சின் போர்தோ பகுதியில், ஜிரோந்து முகத்துவாரத்தை ஒட்டிய பொய்யாக் ஊரில் இருக்கிறது லத்தூர். போர்தோ ஒயின்களுக்கு 1855இல் வகுத்த தரவரிசையில் முதல் வரிசை பெற்ற நான்கு பண்ணைகளில் ஒன்று. மாளிகையைச் சுற்றியுள்ள 47 ஹெக்டேர் 'லாங்குளோ' நிலத்தின் திராட்சைதான் முதன்மை ஒயினுக்குப் போகிறது. களிமண்ணின் மேல் கனத்த சரளைக்கல், அதில் பெரும்பகுதி கபர்னே சோவின்யோன் கொடி. அந்தத் திராட்சையின் தடித்த தோல் தரும் துவர்ப்பால்தான் இந்த ஒயின் இளமையில் முரடாக இருக்கிறது, பல பத்தாண்டுகள் தாங்கவும் செய்கிறது. நல்ல அறுவடை ஆண்டு என்றால் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகுமுன் திறப்பது வீண். காத்திருக்க முடியாதவர்களுக்கு அதே பண்ணையின் இரண்டாம் ஒயினான லெ ஃபோர் தெ லத்தூர் நல்ல வழி. அது முன்னதாகவே பக்குவப்படும்.

வாங்கும்போது லேபிளைவிட முக்கியம் ஒயினின் மட்டம். 15 வயதுக்குட்பட்ட புட்டியில் மட்டம் கழுத்துக்குள் இருக்க வேண்டும். 30 வயதில் தோளின் உச்சி வரை இறங்கியிருப்பது இயல்பு. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் அந்த அளவு காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள், வாங்காதீர்கள். தக்கையை மூடியிருக்கும் மூடித்தகடு பிசுபிசுத்தால், அல்லது தக்கை மேலெழுந்து தகட்டை முட்டினால், புட்டி எங்கோ வெப்பத்தில் கிடந்திருக்கிறது: சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். பீப்பாயில் இருக்கும்போதே ஒயினை விற்றுவிடும் முன்விற்பனை முறையை விட்டு லத்தூர் 2012இல் விலகியது. அதன்பின் தன் நிலவறையிலேயே முதிரவைத்து வெளியிடுகிறது. அப்படி நேரடியாக வந்த புட்டிக்கு விலை கூடுதல்தான். ஆனால் எங்கே, எப்படி இருந்தது என்ற சந்தேகம் குறைவு.

வைத்திருக்கும் இடம் 12 முதல் 14 டிகிரி, இருட்டு, 70 சதவீத ஈரப்பதம். புட்டி படுக்கையாக இருந்தால்தான் தக்கை காயாது. வெப்பம் ஏறி இறங்குவது நிலையான 16 டிகிரியைவிட மோசம். பயணம் செய்து வந்த பழைய புட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் ஓய்வு கொடுங்கள்.

திறப்பதற்கு 48 மணி நேரம் முன்பு புட்டியை மெல்ல நிமிர்த்தி வையுங்கள். துவர்ப்புப் பொருளும் நிறமியும் ஒன்றுசேர்ந்து படிந்த வண்டல் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அது அடியில் இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். வண்டல் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நாக்கில் கசக்கும், நறநறக்கும். நிலவறை இல்லாத வீட்டில் இந்த இரண்டு நாளைக் குளிர்பெட்டியில் கழித்தால் கெடுதல் இல்லை, கதவுப் பக்கம் மட்டும் வேண்டாம்: ஒவ்வொரு திறப்பிலும் குலுங்கும்.

இனி தக்கை. முப்பது ஆண்டுத் தக்கை நடுவில் உதிரும், அடிப்பகுதியில் ஊறிப்போயிருக்கும். சாதாரணத் திருகி நடுவைக் குடைந்துகொண்டு வெளியே வரும், மீதி உள்ளே நிற்கும். இரண்டு தகடு உள்ள திறப்பான்தான் சரி. மூடித்தகட்டை முழுக்க நீக்கி, வாயை ஈரத்துணியால் துடையுங்கள். நீளமான தகட்டை முதலில் கண்ணாடிக்கும் தக்கைக்கும் நடுவே நுழைத்து, பிறகு மற்றதை நுழைத்து, இருபுறமும் மாறிமாறி அசைத்து இறக்குங்கள். முழுக்க இறங்கியபின் முறுக்கியபடியே இழுங்கள். தக்கை தளர்ந்திருந்தால் இந்தத் தகடுகள் அதை உள்ளே தள்ளிவிடும். அப்போது முதலில் திருகியை நடுவில் இறக்கிப் பிடிமானம் கொடுத்துவிட்டுத் தகடுகளை நுழைக்க வேண்டும். உடைந்து விழுந்தாலும் பதறாதீர்கள், வெந்நீரில் மட்டும் அலசிய மஸ்லின் துணியில் வடிகட்டலாம். சோப்பு வாசனை உள்ள துணி அந்த ஒயினைக் கொன்றுவிடும்.

ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையான டிகாண்டரை முகர்ந்து பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். புட்டியின் தோளுக்குக் கீழே மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வைத்து, ஒரே மூச்சில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் கலங்கும். வண்டலின் புகைபோன்ற இழை தோளை எட்டும்போது நிறுத்திவிடுங்கள். 750 மில்லியில் 50 மில்லி அளவு மிஞ்சும், அதை ஊற்ற வேண்டாம்.

எவ்வளவு நேரம் காற்றாட விடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 2005, 2010 போன்ற வலுவான ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் கூடத் தாங்கும். 1982க்கு முந்தியவற்றை மேசைக்கு வரும் நேரத்தில் ஊற்றுங்கள். வயதானதின் மணம் அரை மணியில் உச்சம் தொட்டு இறங்கக்கூடும்.

திறந்ததும் வரும் மக்கல் வாசனைக்காக ஒதுக்கிவிடாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் அகன்றால் அது மூடிக் கிடந்த வாசனை மட்டுமே. நேரம் போகப்போக நனைந்த அட்டைபோல் வலுத்தால் தக்கைக் கேடு, அதற்குத் தீர்வு இல்லை. வினிகர் நெடியும் அப்படியே.

பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பநிலை' என்ற பழைய வழக்கு குளிர்ந்த பிரெஞ்சு வீடுகளுக்குச் சொன்னது. 30 டிகிரி அறையில் 15 டிகிரியிலேயே ஊற்றுங்கள், கோப்பையில் தானே ஏறும். பெரிய கோப்பையில் 80 மில்லி போதும். பொய்யாக் ஊரின் பால்குடி ஆட்டு இறைச்சி இதற்கு இயல்பான துணை. காரம் தூக்கலான உணவு துவர்ப்பைக் கூர்மையாக்கிவிடும்.

மிச்சமிருந்தால் 375 மில்லி புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இளைய ஒயின் மறுநாளும் நன்றாக இருக்கும், மிகப் பழையதை அன்றே முடிப்பது நல்லது.