விவாகரத்து: முத்திரைத்தாளை நம்பி மோசம் போகாதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ, புருசன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை என்றால் முதலில் கூடுவது ஊர்ப் பெரியவர்கள்தான். பேசி முடித்து, முத்திரைத்தாளில் ‘இன்று முதல் எங்களுக்குள் எந்த ஒட்டும் உறவும் கிடையாது, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்’ என்று எழுதி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்திவிடுவார்கள். போட்ட நகை கைமாறியதும் விவகாரம் தீர்ந்ததென்று எழுந்து போய்விடுவார்கள். சட்டப்படி அந்தக் கல்யாணம் அப்படியே இருக்கிறது. நோட்டரிக்கு விவாகரத்து கொடுக்கும் அதிகாரம் கிடையாது.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படியான விவாகரத்தை ஏற்பது உண்மைதான். அதைக் காட்டித்தான் பலரும் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் தங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் நெடுங்காலமாக விடாமல் இருந்துவருகிறது என்று சாட்சியோடு நிரூபிப்பது, அதைச் சொல்பவரின் பொறுப்பு. முடியாமல் போனால், அந்தத் தாளை நம்பிச் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது; முதல் மனைவி புகார் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. அதில் பிறந்த பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகளாகவே ஏற்று, அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு காப்பாற்றும். விவரம் தெரியாமல் கழுத்தை நீட்டிய அந்த இரண்டாவது பெண்தான், பென்ஷனுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைவாள். எனக்கு இதில்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

ஊரில் பேசி முடித்தது வீண்போகாது. அதே முடிவை எடுத்துக்கொண்டு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய், அதே சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து சம்மத விவாகரத்து மனு போடுங்கள். ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லையென்றால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. தீர்ப்பு வருமுன் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் மனு நிற்காது. அதனால் பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். எப்போது எவ்வளவு என்பதை மனுவிலேயே எழுதுங்கள். ‘பிள்ளைக்கு ஜீவனாம்சம் வேண்டாம்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது.

குடித்தனம் சென்னையில் நடந்தாலும், மனைவி இப்போது மதுரையில் தாய்வீட்டில் இருந்தால் அவர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 2003 திருத்தம் தந்த வசதி இது. தெரியாமல் எத்தனை பெண்கள் ராத்திரி பஸ்ஸில் அலைகிறார்கள்!

சம்மன் வந்தால் ‘வாங்காதே, வாங்கினால்தானே கேஸ்’ என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். வாங்க மறுத்தால் சேர்ப்பித்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாய்தாவுக்கும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான் கெடு; தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டுவது லேசான வேலை இல்லை.

நகை, சீர் விஷயத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. நகைக்கடை பில், கல்யாண ஆல்பத்தில் நகையோடு நிற்கும் படம், பாத்திரம் பண்டத்தின் பட்டியல் எல்லாவற்றையும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே எடுத்துவையுங்கள். சம்பளத்தை மறைப்பதும் பலிக்காது: ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020 முதல் உச்ச நீதிமன்ற உத்தரவு.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100க்கு போன் செய்தும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்த மறுவாரமே அடுத்த முகூர்த்தம் பார்க்காதீர்கள். எதிர்த்து நடந்த வழக்கென்றால் மற்றவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். 90 நாள் பொறுப்பது பத்திரம். அதற்குள் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு, இரண்டு மூன்று பிரதியாக வாங்கிவையுங்கள்.