கூம்பைத் தூக்கும் முன்: கான்கிரீட் ஸ்லம்ப் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூரில், கடலலை காதில் விழும் தொலைவில், அடுக்குமாடி ஒன்றுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றது. கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் கலவை எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பதே ஸ்லம்ப். கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதை அது சொல்லும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, ஸ்லம்ப் கூம்பைக் காய்ந்த மண்மேல் வைத்தான். உள்சுவரில் முந்தைய நாள் கலவை காய்ந்து ஒட்டியிருந்தது. நிரப்பினான், வெடுக்கென்று தூக்கினான். கலவையில் பாதி ஒரு பக்கமாகச் சரிந்தது. அளந்து, "160 சார்" என்றான். நாங்கள் கேட்டிருந்தது 120 மி.மீ. அந்த எண்ணை நம்பியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

சரிந்து விழுந்த கலவையை அளக்கவே கூடாது. மீண்டும் செய்ய வேண்டும். இரண்டாம் முறையும் சரிந்தால், கலவையில் பிடிப்பு இல்லை என்று பொருள். அதையே பதிவேட்டில் எழுத வேண்டும்.

கூம்பின் உயரம் 300 மி.மீ., அடிவாய் 200, மேல்வாய் 100. உள்பக்கம் சுத்தமாக, ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. அடியில் நீர் உறிஞ்சாத சமமான தகடு வேண்டும். 1959ஆம் ஆண்டின் இந்தியத் தரநெறி நான்கு அடுக்காக நிரப்பச் சொன்னது. 2018ஆம் ஆண்டின் நெறி மூன்று அடுக்கு என்கிறது. பழைய பழக்கத்திலேயே தொடர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும், முனை மழுங்கிய 16 மி.மீ. கம்பியால் 25 குத்து. கைக்குக் கிடைத்த முறுக்குக் கம்பியால் குத்துவது சோதனையே அல்ல. தூக்கும்போது திருகாமல், செங்குத்தாக, மூன்று முதல் ஐந்து நொடிக்குள் எடுக்க வேண்டும்.

லாரியிலிருந்து முதலில் விழுவதைச் சட்டியில் பிடித்து அளப்பதும் தவறு. டிரம்மை நன்றாகச் சுழற்றி, கொஞ்சம் கொட்டவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, அளந்த பிறகு நடப்பது. எண்ணூர், மணலிச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வெயிலில் நின்றுவிட்டு வரும் கலவை, ஆலையில் இருந்த ஸ்லம்ப்போடு வந்து சேராது. உடனே யாராவது குழாயைத் திறந்துவிடுவார்கள். ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமெண்ட், 162 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. கடலோரக் கட்டடத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறியான ஐ.எஸ். 456 விதிக்கும் உச்ச வரம்பும் அதுதான். 6 கன மீட்டர் லாரியில் 15 லிட்டர் வாளியால் நான்கு முறை ஊற்றினால் விகிதம் 0.48 ஆகிவிடுகிறது. அந்த மிகைநீர் விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகத்தான் உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிவரை போகிறது. கலவை இறுகியிருந்தால், ஆலையின் தரப் பொறியாளர் சொல்லும் அளவுக்கு கலவையை இளக்கும் அவர்களுடைய ரசாயனத்தைச் சேர்த்து, டிரம்மைச் சுழற்றி, மறுபடியும் அளப்பதே முறை.

இன்னொன்றை இளைய பொறியாளர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஸ்லம்ப் உள்ள இரண்டு கலவைகளில் ஒன்று பம்பில் வழுக்கிக்கொண்டு போகும், மற்றது திணறும். இட்லி மாவு விழுந்த இடத்தில் குவிந்து நிற்கிறது. வெல்லப்பாகு மெதுவாக, ஆனால் நிற்காமல் பரவுகிறது. நகரத் தொடங்கத் தேவைப்படும் விசை வேறு, நகரும்போது காட்டும் பாகுத்தன்மை வேறு. ஸ்லம்ப் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே சொல்லும். தானாகப் பரவும் கான்கிரீட்டை அதே கூம்பில் நிரப்பினாலும் குத்தக் கூடாது. இறக்கத்தை அல்ல, பரவிய வட்டத்தின் விட்டத்தை இரு திசைகளில் அளக்க வேண்டும். 500 மி.மீ. வட்டத்தை எட்ட எத்தனை நொடி ஆனது என்பதில் பாகுத்தன்மை தெரிந்துவிடும். ஜல்லி நடுவில் தங்கி, விளிம்பில் தண்ணீர் வளையம் கட்டியிருந்தால், விட்டம் எவ்வளவு அழகாக வந்தாலும் அந்தக் கலவை பிரிந்துவிட்டது.

அன்று தம்பி கூம்பைக் கழுவித் துடைத்தான். இரும்புத் தகடு கொண்டுவந்தான். புதிய மாதிரி எடுத்து, குத்துகளை வாய்விட்டு எண்ணி, கூம்பை நிதானமாகத் தூக்கினான். கலவை சரியாமல் அப்படியே அமர்ந்தது. 115.