பூங்காவின் வரலாற்றை வைத்து ஒரு புதிர் ஜியோகேச் அமைப்பது எப்படி

ஜியோகேச் என்பது மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒளித்து வைக்கும் டப்பா, சுருக்கமாக கேச். ஆனால் டப்பா, ஒளிக்கும் இடம், பூட்டு எல்லாம் பிறகு. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி வாருங்கள், கண்ணில் படுகிற எழுத்து, எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: அடிக்கல், திறப்பு விழாக் கல், சிலையின் பீடம், நினைவு பெஞ்சில் பொறித்த பெயர், பழைய கைப்பம்பில் வார்த்திருக்கும் ஆண்டு, இரும்புக் கதவின் வளைவில் இருக்கும் எண். தினமும் அங்கே நடக்க வருகிறவர்கள்கூட இவற்றில் பாதியைப் படித்திருக்க மாட்டார்கள். அவர்களையும் படிக்க வைப்பதுதான் இந்த வகை கேச்சின் வேலை என்பது என் எண்ணம். அதனால் வீட்டில் உட்கார்ந்து தேடினாலே கிடைத்துவிடும் விடையைக் கேட்காதீர்கள், அந்தக் கல்லின் முன்னால் போய் நின்றால்தான் தெரியும் என்கிற விடையைக் கேளுங்கள்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்து ஒளித்த டப்பாவைத் தேடி, உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவதுதான் ஜியோகேச்சிங். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நிறுத்தியது, நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாகின. அதைச் சோதித்துப் பார்க்க, மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை வைத்து அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். இன்று அங்கே ஒரு நினைவுத் தகடு இருக்கிறது.

சரி, எந்த வகையில் பதிவு செய்வது? கேச்களைப் பதிவு செய்யும் தளமான ஜியோகேச்சிங் டாட் காமின் விதிப்படி இரண்டு கேச் டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். சின்னப் பூங்காவில் ஒரு டப்பாவுக்குத்தான் இடம் இருக்கும். ஆனால் இந்த விதி கையால் தொடக்கூடிய டப்பாக்களுக்கு மட்டும்தான், “இந்தக் கல்லைப் படித்து விடை எழுது” என்கிற நிறுத்தங்களுக்கு அது கிடையாது. இருபது மீட்டருக்கு ஒன்றாகக்கூட அவற்றை வைக்கலாம், கதை சொல்ல நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததுக்கு அழைத்துப்போய்க் கடைசியில் டப்பாவைக் காட்டினால் அது மல்டி கேச். தளத்தில் கேச்சின் பக்கத்தில் போட்டிருக்கும் ஆயத்தொலைவு பொய்யாக இருந்து புதிரை விடுவித்தால்தான் உண்மையானது கிடைக்கும் என்றால் மிஸ்டரி கேச், இதில் பொய்யான புள்ளிக்கும் டப்பாவுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வரலாற்றுக்கு இரண்டும் கலந்ததுதான் எனக்குப் பிடிக்கும், அதாவது பொய்ப் புள்ளி பூங்கா வாசலில், கேள்விகள் உள்ளே, டப்பா தூரமாக ஒரு அமைதியான மூலையில்.

இனி கேள்விகள். “திறப்பு விழாக் கல்லில் என்ன ஆண்டு?” என்று கேட்டால் எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், கல் யாருடையது என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு இடங்களைச் சேர்த்துக் கேளுங்கள். சிலையின் பீடத்தில் பிறந்த ஆண்டு 1889, திறப்பு விழாக் கல்லில் 1927 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 38. இதைக் கண்டுபிடிக்கிறவருக்கு, அந்த மனிதர் நாற்பதைத் தொடும் முன்பே பூங்கா வந்துவிட்டது என்பதும் சேர்ந்தே புரியும், எண்ணும் கதையும் ஒரே கையில். இங்கே “அவருக்கு என்ன வயது” என்று மட்டும் கேட்காதீர்கள், பிறந்த நாள் அந்த ஆண்டில் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதைப் பொறுத்து 37 ஆகவும் இருக்கலாம். “ஆண்டுகளின் வித்தியாசம்” என்றே எழுதுங்கள். ரோமன் எண்ணில் பொறித்த ஆண்டு இருந்தால் விடாதீர்கள், அதைப் பிரித்துப் படிப்பதே ஒரு குட்டிப் புதிர். பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்பதானால், ஒற்றெழுத்தும் ஓர் எழுத்து என்று முன்பே சொல்லிவிடுங்கள்: “கல்வெட்டு” என்பது ஐந்து. சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் ஒரு கணக்கு போடுவார்கள்.

பெயின்ட் அடித்த பலகையைவிடக் கல்லில் வெட்டியது நல்லது, மரங்களை எண்ணச் சொல்வது மோசம், அடுத்த புயலில் எண்ணிக்கை மாறிவிடும். கல்லில் இருப்பது தப்பான ஆண்டு என்று பழைய ஆவணங்களிலிருந்து உங்களுக்குத் தெரிந்தாலும் புதிருக்குக் கல்லில் இருப்பதையே எடுங்கள், சரியான ஆண்டையும் ஆதாரத்தையும் டப்பாவுக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேடி வந்தவருக்கு அது நல்ல பரிசு.

விடைகளை ஆயத்தொலைவாக மாற்றும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இந்த விளையாட்டில் பாகையும் (டிகிரி) தசம நிமிடமும் கலந்து எழுதுவது வழக்கம் (இங்கே நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இலக்கங்கள். முழு எண்ணையும் மறைக்க வேண்டியதில்லை, அட்சரேகையில் அந்த மூன்று இலக்கங்கள், தீர்க்கரேகையில் மூன்று, மொத்தம் ஆறு இலக்கம் போதும். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் 1.85 மீட்டர் நகரும், நடு இலக்கம் மாறினால் 18.5 மீட்டர், முதல் இலக்கம் மாறினால் 185 மீட்டர். ஆகவே கொஞ்சம் குழப்பம் தரக்கூடிய கேள்வி உங்களிடம் இருந்தால் அதன் விடையைக் கடைசி இலக்கத்துக்குக் கொடுங்கள், யாருக்கும் சந்தேகமே வராத விடையை முதல் இலக்கத்துக்கு வையுங்கள். தவறாக எண்ணியவர்கூட டப்பாவுக்குச் சில மீட்டர் தள்ளித்தான் நிற்பார், அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் போய் நிற்க மாட்டார். கூடவே ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் கொடுத்துவிடுங்கள். இரண்டு இலக்கம் இடம் மாறினால் இந்தக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது, அதனால் விடை சரிபார்க்கும் வசதியை கேச் பக்கத்திலேயே சேர்ப்பது இன்னும் நல்லது.

சங்கேத எழுத்து வேண்டுமா? ஒன்று போதும், அதன் சாவியும் பூங்காவிலேயே இருக்கட்டும். கல்லில் உள்ள ஒரு பெயரைச் சாவிச் சொல்லாகவோ, ஆண்டின் கடைசி இலக்கத்தை எழுத்துகளைத் தள்ளும் அளவாகவோ வைக்கலாம். இன்னொரு விஷயம், கேச் பக்கத்தில் தரும் துப்பை அந்தத் தளம் ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளித்தான் மறைக்கும், தமிழில் எழுதினால் அப்படியே தெரியும். தமிழில் துப்பு தருகிறவர்கள் ரொம்பக் காட்டிக்கொடுக்காமல் எழுதுங்கள்.

அப்புறம் டப்பா. பூங்காவை நிர்வகிப்பவரிடம் அனுமதி வாங்காமல் வைக்கவே வைக்காதீர்கள். மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் மரத்தில் ஆணி அடிப்பதும் கூடாது. பழைய சுவர், கிணறு, சமாதி, போர் நினைவுச்சின்னம் பக்கம் டப்பா போகவே வேண்டாம், ஏனென்றால் தேடுகிறவர் டப்பா கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள ஒவ்வொரு கல்லையும் அசைத்துப் பார்ப்பார், பத்துப் பேர் அசைத்த சுவர் பழைய சுவராக இருக்காது. அந்த இடங்களில் கேள்வி மட்டும் இருக்கட்டும். தண்ணீர் புகாத, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவாகப் பார்த்து, மேலே “ஜியோகேச்” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பொது இடத்தில் அடையாளம் இல்லாத பொட்டலம் போலீஸ் வரை போகக்கூடிய விஷயம். உள்ளே லாக் புத்தகம், பென்சில். உணவுப் பொருள் எதுவும் வேண்டாம், எறும்பும் எலியும் வரும். டப்பாவின் இடத்தை வெவ்வேறு நாட்களில் சில முறை அளந்து சராசரி எடுங்கள், மரத்தடியில் போன் காட்டுவது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

வெளியிடும் முன் பூங்காவையும் புதிரையும் அறியாத ஒருவரை அனுப்பிப் பாருங்கள். நீங்கள் கூடப் போகலாம், வாயைத் திறக்கக் கூடாது. எந்தக் கல்லின் முன் அவர் முழிக்கிறார் என்று பார்த்து அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். கடினத்தன்மை, நிலப்பரப்பு (டப்பா இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு சிரமம்) இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும், அதையும் அவரிடமே கேளுங்கள், புதிரைப் போட்டவருக்கு அது எப்போதும் சுலபமாகத்தான் தெரியும்.

வெளியான பிறகு, பூங்காவில் மராமத்து நடப்பதாகத் தெரிந்தால் உடனே போய்ப் பாருங்கள். கல்லையோ பலகையையோ எடுத்துவிட்டிருந்தால் கேச்சைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், எடுத்த கல் எங்கே போனது என்று நிர்வாகத்திடம் விசாரியுங்கள், புதுக் கேள்வியை எழுதி ஆறு இலக்கத்தையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே திறந்துவிடுங்கள்.